25ஆ, 33ஆ? மனிதப் பிடி-1 புரதம் தயாரித்த ஆய்வகப் பதிவு

நிவோலுமாப் (பிடி-1 புரதத்தைப் பிடிக்கும் புற்றுநோய் மருந்து எதிர்ப்பொருள்) போட்ட குழியில், பிணைப்பைக் காட்டும் கோடு ஏறிவிட்டது. ஏழு வாரமாகத் தரையோடு தரையாகக் கிடந்த கோடு அது. எதிர்ப்பொருள் அதே புட்டி, கருவியும் அதே கருவி. வித்தியாசம் புரதத்தின் தலைப்பகுதியில் உள்ள எட்டு அமினோ அமிலங்களில்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது. அந்த எட்டையும் வெட்டிவிட்டு வேலையைத் தொடங்கியது எங்கள் முடிவு. மனிதப் பிடி-1 புரதத்தின் வெளிப்பகுதியைச் சொந்தமாகத் தயாரிக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே, அளவு, செலவு, தவறிய இடம் எல்லாவற்றோடும் எழுதி வைக்கிறோம்.

தேவை இதுதான். சிங்கப்பூர் பயோபோலிஸில் உள்ள ஒரு சிறிய ஆய்வகம். பிடி-1-ஐப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட, பயோட்டின் (ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்தோடு இறுகப் பற்றும் சிறு மூலக்கூறு) ஒட்டிய பிடி-1 இரண்டு மூன்று மில்லிகிராம் வேண்டும். கடையில் கிடைப்பது மைக்ரோகிராம் கணக்கில். 25 மைக்ரோகிராம் புட்டி ஒன்று, உலர்பனிக்கட்டியில் வைத்து அனுப்பும் செலவும் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 600 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டியது. மில்லிகிராம் கணக்கில் வாங்கக் கட்டுப்படியாகாது.

பிடி-1 என்பது டி செல்லின் மேற்பரப்பில் நிற்கும் தடைக்கட்டை. 1992-இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தாசுக்கு ஹொன்ஜோவின் குழு கண்டெடுத்தது. 2018-இல் அவருக்கும் ஜேம்ஸ் அலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்ததன் பின்னணியில் இந்தப் புரதமும் இருக்கிறது. முழு நீளம் 288 அமினோ அமிலம். முன்னால் உள்ள சமிக்ஞைப் பகுதி வெட்டுப்பட்ட பிறகு, செல்லுக்கு வெளியே இருப்பது ஏறத்தாழ 25-இலிருந்து 170 வரை. இதில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்ற கேள்விக்கு நாங்கள் அரை மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. இந்த வேலையில் செய்த பெரிய பிழை அதுதான்.

ஈ.கோலி வழி

பிடி-1, அதைப் பற்றும் இணைப் புரதமான பிடி-எல்1 இரண்டும் கைகோத்து நிற்கும் படிகக் கட்டமைப்பு ஒன்று புரதத் தரவு வங்கியில் 4இசட்கியூகே என்ற எண்ணில் இருக்கிறது. அதில் பயன்பட்ட பிடி-1 துண்டு 33 முதல் 150 வரை. 93-ஆம் இடத்துச் சிஸ்டீனுக்கு ஜோடி கிடையாது; தனியாக நின்று மற்ற மூலக்கூறுகளோடு தவறாகக் கோத்துக்கொள்ளும். ஆகவே அதைச் செரினாக மாற்றியிருந்தார்கள். ஈ.கோலியில் செய்து மடித்தெடுத்த துண்டு, படிகமாகவே வந்திருக்கிறது, செலவும் குறைவு. அப்படியே எடுத்துக்கொண்டோம்.

பிஎல்21 (டிஇ3) பாக்டீரியா, 1 லிட்டர் எல்பி ஊடகம், 37 டிகிரி. ஒளியடர்த்தி 0.8 வந்ததும் 1 மில்லிமோலார் ஐபிடிஜி (புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் சேர்மம்), அதன்பின் 4 மணி நேரம். ஈரப் படிவு 4.5 கிராம் கிடைத்தது. பனிக்கட்டியில் வைத்து 10 விநாடி ஒலியலை, 20 விநாடி ஓய்வு என்று மொத்தம் 6 நிமிடம் உடைத்து, 15,000 ஜி வேகத்தில் அரை மணி நேரம் சுழற்றினோம். புரதம் முழுக்க இன்குளூஷன் பாடியாக (சரியாக மடியாத திரளாக) அடியில் உட்கார்ந்துவிடும். அது எதிர்பார்த்ததே.

இன்குளூஷன் பாடியைக் கழுவுவதில் பலர் அவசரப்படுகிறார்கள். இங்கே சற்று நிற்க வேண்டும். முதல் சுழற்சிக்குப் பிறகு குழாயின் அடியில் இரண்டு அடுக்கு தெரியும். கீழே வெள்ளை, மேலே வழவழப்பான பழுப்பு ஆடை. அந்த ஆடை செல் சவ்வும் குப்பையும். பைப்பெட் முனையால் மெதுவாகத் தள்ளினால் தோல்போல உரிந்து வரும். அதை எடுத்துவிட வேண்டும். பிறகு 50 மில்லிமோலார் டிரிஸ் (பிஹெச் 8.0), 200 மில்லிமோலார் உப்பு, 10 மில்லிமோலார் இடிடிஏ, 10 மில்லிமோலார் மெர்காப்டோஎத்தனால், 0.5 சதவீதம் டிரைட்டன் எக்ஸ்-100 கலந்த பஃபரில் மூன்று முறையும், டிரைட்டன் இல்லாமல் ஒரு முறையும் கழுவினோம். ஒவ்வொரு முறையும் கண்ணாடி ஹோமோஜெனைசரில் கட்டி தட்டாமல் கரைத்தாக வேண்டும். சும்மா ஆட்டினால் உள்ளே அழுக்கு அப்படியே இருக்கும். நான்காவது முறை படிவு சுண்ணாம்புக் கட்டி மாதிரி பளிச்சென்று இருந்தால் போதும்.

அதை 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் (50 மில்லிமோலார் டிரிஸ், 200 மில்லிமோலார் உப்பு, 2 மில்லிமோலார் மெர்காப்டோஎத்தனால்) இரவு முழுதும் கரைத்தோம். செறிவு அளக்கும்போது ஒரு கண்ணி. இந்தத் துண்டில் டிரிப்டோஃபான் ஒன்றே ஒன்று, டைரோசின் இரண்டு. அதாவது 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் கெழு 8,480 மட்டுமே. எடை சுமார் 13 கிலோடால்டன். ஒரு மில்லிகிராமுக்கு 0.64-தான் காட்டும். கருவியில் முன்னிருப்பாக உள்ள "1 = 1 மி.கி." என்ற அமைப்பில் விட்டால், கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகும். மடிக்கும் பஃபரில் தேவைக்கு அதிகமாகப் புரதம் விழுந்து திரளும்.

மடிக்கும் பஃபர்: 0.1 மோலார் டிரிஸ் பிஹெச் 8.0, 0.4 மோலார் எல்-ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு, 2 மில்லிமோலார் இடிடிஏ, 5 மில்லிமோலார் சிஸ்டமின், 0.5 மில்லிமோலார் சிஸ்டியமின். ஒரு லிட்டருக்கு ஆர்ஜினின் மட்டும் 84 கிராம். டிரிஸின் பிஹெச் வெப்பநிலையோடு மாறும். ஒரு டிகிரி குறைந்தால் 0.03 அளவுக்கு ஏறும். அறையில் 8.0 வைத்துவிட்டுக் குளிர் அறைக்குக் கொண்டுபோனால் 8.6-க்குப் போய்விடும். ஆகவே 4 டிகிரியிலேயே பிஹெச் வைக்க வேண்டும். முதல் தடவை இதைச் செய்யவில்லை.

முதல் தடவை செய்த இன்னொரு தவறு வேகம். 50 மி.கி. புரதத்தை ஒரே மூச்சில் ஒரு லிட்டர் பஃபரில் விட்டோம். பத்து நிமிடத்தில் பாத்திரம் அரிசி கழுவிய தண்ணீர் போல் கலங்கியது. கடைசியில் கையில் நின்றது 0.8 மி.கி. இரண்டாம் தடவை 10 மி.கி./மி.லி. கரைசல் 5 மி.லி.யை மூன்று தவணையாகப் பிரித்து, எட்டு மணி நேர இடைவெளியில், பெரிஸ்டால்டிக் பம்பு வழியாக நிமிடத்துக்கு 0.2 மி.லி. வேகத்தில் சொட்டுச் சொட்டாக இறக்கினோம். சொட்டு விழும் இடம் கலக்கியின் சுழலுக்கு நேர் மேலே இருக்க வேண்டும்; ஓரத்தில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே வெள்ளை நூல் நூலாகத் திரிந்துவிடும். 48 மணி நேரம் கழித்தும் பாத்திரம் தெளிவாக இருந்தது.

டயாலிசிஸ் செய்யும்போது ஆர்ஜினினை ஒரேயடியாக எடுக்கக் கூடாது. 0.4-இலிருந்து 0.1, அதன்பின் பூஜ்யம். செறிவாக்கிய பிறகு, மூலக்கூறுகளை அளவுப்படி பிரிக்கும் சூப்பர்டெக்ஸ் 75 இன்கிரீஸ் 10/300 குழலில் ஓட்டினோம். திரண்ட குப்பை 8 மி.லி.யிலும், தனி மூலக்கூறு 13 மி.லி.க்கு அருகிலும் வந்தது. மீண்டது 3.1 மி.கி. போட்டதில் ஆறு சதவீதம். இந்த மாதிரிப் புரதத்துக்கு இது மோசமில்லை.

தவறான இடத்தில் தேடிய இரண்டு வாரம்

இந்தத் துண்டில் பயோட்டின் ஒட்டும் வால் இல்லை என்பதால், எதிர்ப்பொருளை, மனித எஃப்சியை (எதிர்ப்பொருளின் தண்டுப்பகுதி) பிடிக்கும் சென்சாரில் (ஒட்டும் பொருளின் தடிமனை ஒளியால் நானோமீட்டரில் காட்டும் முனை) ஒட்டி, பிடி-1-ஐக் கரைசலில் வைத்துப் பார்த்தோம். பெம்ப்ரோலிஸுமாப் (பிடி-1-ஐப் பிடிக்கும் இன்னொரு மருந்து எதிர்ப்பொருள்) அழகாகப் பிடித்தது. 13 கிலோடால்டன் புரதம் என்பதால் ஏற்றம் 0.15 நானோமீட்டர்தான், ஆனால் வளைவு சுத்தம். பிடி-எல்1-எஃப்சியும், பிடி-1 செறிவை மைக்ரோமோலார் கணக்குக்கு உயர்த்தியதும் பிடித்தது. இந்த ஜோடியின் பிணைப்பு அவ்வளவு பலமானதல்ல, சுமார் 8 மைக்ரோமோலார். நானோமோலாரில் வைத்துவிட்டு "பிடிக்கவில்லை" என்று முடிவுகட்டக் கூடாது.

நிவோலுமாப் மட்டும் அசையவில்லை.

எங்கள் முதல் எண்ணம்: மடிப்பு சரியில்லை. அந்த எண்ணத்திலேயே இரண்டு வாரம் போனது. சிஸ்டமினுக்குப் பதில் குளூட்டாதயோன் போட்டோம், விகிதம் மாற்றினோம், நேரத்தை நான்கு நாளாக நீட்டினோம், நிவோலுமாபில் வேறு தொகுப்பு வரவழைத்தோம். எல்லாத் தொகுப்பிலும் ஒரே கதை. டைசல்ஃபைடு (இரண்டு சிஸ்டீன்களின் பிணைப்பு) கோத்திருக்கிறதா என்று, அதை உடைக்கும் டிடிடி போட்டும் போடாமலும் ஜெல் ஓட்டினோம். போடாத பட்டை சற்று வேகமாக ஓடியது. அதாவது 54, 123 ஆகிய இடத்துச் சிஸ்டீன்கள் கோத்துக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த ஜெல்லைப் பார்த்த அன்றே நின்று யோசித்திருக்க வேண்டும். மடிப்பு கெட்ட புரதத்தைப் பெம்ப்ரோலிஸுமாப் எப்படிப் பிடிக்கும்?

விடை கட்டமைப்பிலேயே இருந்தது. நிவோலுமாப் பிடி-1-ஓடு சேர்ந்த கட்டமைப்பை (5டபிள்யூடி9) திரையில் திறந்து, புரதத்தின் தொடக்கத்தைச் சிவப்பாக்கிப் பார்த்தோம். பெம்ப்ரோலிஸுமாப் முக்கியமாகப் பற்றுவது சி-பிரைம்-டி என்ற வளையத்தை. நிவோலுமாப் அங்கே இல்லை. மைய மடிப்புக்கு வெளியே, தலைமாட்டில் தொங்கும் ஒரு சிறிய வளையத்தை அது கவ்வியிருக்கிறது. லியூசின் 25-இல் தொடங்கும் வளையம் அது. எங்கள் துண்டு அஸ்பராஜின் 33-இல் தொடங்குகிறது. நிவோலுமாப் உட்கார வேண்டிய திண்ணையையே இடித்துவிட்டு, ஏன் யாரும் வந்து உட்காரவில்லை என்று இரண்டு வாரம் வீட்டைச் சுற்றிப் பார்த்திருக்கிறோம்.

படிகம் எடுப்பவர்களுக்கு அந்தத் தொங்கல் தேவையில்லை. ஆடிக்கொண்டே இருக்கும் பகுதி படிகம் வளர்வதைக் கெடுக்கும். அவர்கள் வெட்டியது அவர்கள் வேலைக்குச் சரி. எங்கள் வேலை வேறு.

ஹெக் செல்லில் மறுபடியும்

இந்தத் தடவை 25 முதல் 167 வரை. ஈ.கோலி போட முடியாத சர்க்கரைச் சங்கிலிகளும் (49, 58, 74, 116 ஆகிய நான்கு அஸ்பராஜின்களில்) இருக்கட்டும் என்று ஹெக்293 வகை மிதவைச் செல்லுக்கு (மனிதச் செல் வகை) மாறினோம். சில எதிர்ப்பொருள்கள் 58-ஆம் இடத்துச் சர்க்கரையையும் சேர்த்துப் பிடிக்கும் என்பதால், ஒப்பீட்டுக்கு இது தேவை.

ஆனால் செல்லையும் எல்லையையும் ஒரே நேரத்தில் மாற்றினால், கோடு ஏறியது சர்க்கரையாலா வளையத்தாலா என்று தெரியாது. ஆகவே 33 முதல் 167 வரை இன்னொரு பிளாஸ்மிடும் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வட்ட டிஎன்ஏ) செய்தோம். கூடுதலாக 190 வெள்ளி. அந்தக் காசுக்குக் கிடைத்த தெளிவு மற்ற எல்லாச் செலவையும்விட மதிப்புள்ளது.

அமைப்பு: எலியின் இம்யூனோகுளோபுலின் கப்பா சமிக்ஞை, பிறகு பிடி-1, கிளைசின்-செரின் இணைப்பு, 15 அமினோ அமில அவி வால் (பயோட்டின் ஒட்டும் இடம்), எட்டு ஹிஸ்டிடின். வால் எல்லாம் பின்பக்கம்தான். தலைமாடு வெறுமையாக, லியூசின் 25-இலேயே தொடங்க வேண்டும். ஹிஸ்டிடினை முன்னால் வைத்திருந்தால் வளையம் இருந்தும் மறைந்திருக்கும்.

1 லிட்டர் காற்றோட்ட மூடிக் குடுவையில் 200 மி.லி. எக்ஸ்பி293எஃப் செல். 37 டிகிரி, 8 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 125 சுற்று. டிரான்ஸ்ஃபெக்‌ஷன் (பிளாஸ்மிடைச் செல்லுக்குள் செலுத்துவது) அன்று காலை மி.லி.க்கு 28 லட்சம் செல், உயிரோடு இருப்பவை 97 சதவீதம். 95-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு ஆரம்பிக்க வேண்டாம். இரண்டு நாள் பொறுப்பது மேல். 200 மைக்ரோகிராம் பிளாஸ்மிட் 10 மி.லி. ஆப்டிமெம்மில், 600 மைக்ரோகிராம் பிஇஐ மேக்ஸ் (டிஎன்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் பாலிமர்) இன்னொரு 10 மி.லி.யில். பிஇஐயை டிஎன்ஏவில் ஊற்றி, 15 நிமிடம். 20-ஐத் தாண்ட விடாதீர்கள். துகள் பெரிதாகிச் செல்லுக்குள் போகாது. ஊடகத்தில் செல் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் சேர்மம் எதுவும் இருக்கக் கூடாது. அது பிஇஐயையும் தடுக்கும். 18 மணி நேரம் கழித்து 4 மில்லிமோலார் சோடியம் வால்ப்ரோயேட்டும் குளுக்கோஸும்.

ஐந்தாம் நாள் உயிர்ப்பு 72 சதவீதம். அன்றே அறுவடை. 60-க்கும் கீழே இறங்கவிட்டால் செத்த செல்லிலிருந்து வரும் புரோட்டியேஸ், தொங்கிக்கொண்டிருக்கும் வளையத்தைத்தான் முதலில் கடிக்கும். 4,000 ஜி, 30 நிமிடம், பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டி.

நீலம் வெளுத்த குழல்

இங்கே அடுத்த சறுக்கல். அலமாரியில் சாதாரண நிக்கல்-என்டிஏ ரெசின் (ஹிஸ்டிடின் வாலைப் பிடிக்கும் மணிகள்) இருந்தது. 200 மி.லி. தெளிநீரையும் அதன் மேல் நேரே ஓட்டினோம். வெளிர்நீலமாக இருந்த ரெசின் மேலிருந்து வெளுக்கத் தொடங்கியது. முதலில் ஒரு விரல்கடை, 60 மி.லி. போவதற்குள் பாதி உயரம், கடைசியில் முழுக்க வெள்ளை. ஊடகத்தில் உலோகத்தைப் பற்றும் சேர்மங்கள் இருக்கின்றன. அவை நிக்கலைச் சுரண்டிக்கொண்டு போய்விட்டன. நிக்கல் போனால் ஹிஸ்டிடின் வாலுக்குப் பிடி ஏது?

வடிந்து போனதைக் கொட்டாமல் வைத்திருந்ததால் தப்பினோம். புரதம் கிடைத்துவிட்டது என்று ஜெல்லில் உறுதியாகப் பார்க்கும் வரை எந்த வடிநீரையும் கொட்டக் கூடாது. வடிநீரை நிக்கல் செஃபரோஸ் எக்ஸெல் நிரப்பிய 1 மி.லி. குழலில் மறுபடி ஏற்றினோம். இது நிக்கலை இறுகப் பிடித்திருக்கும் வகை. செல் ஊடகத்துக்கென்றே வந்தது. 20 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், 500 மில்லிமோலார் உப்பு, பிஹெச் 7.4, 20 மில்லிமோலார் இமிடசோலில் 20 குழல் அளவு கழுவல், 300 மில்லிமோலாரில் இறக்கம். ஏற்றும் வேகம் நிமிடத்துக்கு 1 மி.லி., குளிர் அறையில், இரவில் தானாக ஓடும்படி வைத்தோம்.

ஜெல்லில் 19 கிலோடால்டன் கணக்குப்போட்ட இடத்தில் ஒன்றுமில்லை. 35-க்கும் 45-க்கும் நடுவில் தீற்றிய மை மாதிரி அகலமான பட்டை. சர்க்கரை ஏறிய பிடி-1 அப்படித்தான் ஓடும். புதிதாகச் செய்பவர் தப்பான புரதம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். உறுதிசெய்ய பிஎன்ஜிஏஸ் எஃப் (சர்க்கரையைக் கழற்றும் நொதி) போட்டு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் பட்டை 19-க்கு இறங்கும். ஆனால் அந்த நொதியே 36 கிலோடால்டன். பழைய பட்டை இருந்த இடத்திலேயே அது வந்து நிற்கும். நொதியை மட்டும் தனியாக ஒரு வரிசையில் ஓட்டவில்லை என்றால், "பாதிதான் இறங்கியிருக்கிறது" என்று ஏமாந்துபோவோம். எங்கள் முதல் ஜெல்லில் அதுதான் நடந்தது.

சர்க்கரை கழற்றிய மாதிரியின் எடையைப் பார்க்கப் பொருண்மை நிறமாலைக்கு அனுப்பினோம். நொதி ஒவ்வொரு அஸ்பராஜினையும் அஸ்பார்டிக் அமிலமாக்கும் என்பதால் நான்கு இடத்துக்கு 4 டால்டன் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். கூட்டிப் பார்த்ததில் லியூசின் 25-இல் தொடங்கும் முழு நீளத்தோடு பொருந்தியது. தலைமாடு பத்திரம்.

பயோட்டின் ஒட்டுவது

பிர்ஏ நொதி அவி வாலில் உள்ள ஒரே ஒரு லைசினில் பயோட்டினை ஒட்டும். உப்பும் கிளிசராலும் அதற்கு ஆகாது. எங்கள் முதல் முயற்சியில் புரதம் பிபிஎஸ்ஸில் இருந்தது, உறைய வைக்கலாம் என்று 10 சதவீதம் கிளிசராலும் சேர்த்திருந்தோம். பாதிதான் ஒட்டியது.

இரண்டாம் முறை உப்பு நீக்கும் குழலில் 50 மில்லிமோலார் பைசின், பிஹெச் 8.3-க்கு மாற்றினோம். புரதம் 40 மைக்ரோமோலார் (மி.லி.க்கு 0.76 மி.கி.), 10 மில்லிமோலார் ஏடிபி, 10 மில்லிமோலார் மக்னீசியம் அசிட்டேட், 50 மைக்ரோமோலார் பயோட்டின். 10 நானோமோல் புரதத்துக்கு 2.5 மைக்ரோகிராம் பிர்ஏ. 30 டிகிரியில் 2 மணி நேரம். ஏடிபி தூளைத் தண்ணீரில் கரைத்தால் புளிப்பாக இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடால் 7-க்குக் கொண்டுவராமல் சேர்த்தால் கலவையின் பிஹெச் சரிந்துவிடும்.

எவ்வளவு ஒட்டியது என்று பார்க்க ஜெல்லே போதும். புரதத்தை எஸ்டிஎஸ் பஃபரில் கொதிக்க வைத்து, அறை வெப்பத்துக்கு நன்றாக ஆறவிட்டு, பிறகு ஸ்ட்ரெப்டாவிடின் மிகையாகச் சேர்த்து ஐந்து நிமிடம் வைத்து, மறுபடி சூடாக்காமல் ஓட்ட வேண்டும். ஸ்ட்ரெப்டாவிடின் எஸ்டிஎஸ்ஸில் பிரியாமல் நிற்கும்; பயோட்டின் ஒட்டியதெல்லாம் மேலே போய்விடும். பழைய இடத்தில் மிஞ்சுவது ஒட்டாதது. எங்களுக்கு மிஞ்சியது கண்ணுக்குத் தெரியாத அளவு.

அதன்பின்தான் சூப்பர்டெக்ஸ் 75. இந்த வரிசை முக்கியம். தனிப் பயோட்டின் கொஞ்சம் மிஞ்சினாலும் சென்சாரில் உள்ள ஸ்ட்ரெப்டாவிடின் இடங்களை அது முந்திக்கொண்டு நிரப்பிவிடும். குழல் அதைப் பிரித்துவிடுகிறது. பிர்ஏவை மட்டும் பிரிக்கவில்லை. அது 35 கிலோடால்டன், சர்க்கரை ஏறிய பிடி-1-உம் ஏறத்தாழ அதே இடத்தில்தான் வருகிறது. ஜிஎஸ்டி வால் கோத்த பிர்ஏ வாங்கினால் (வரி அல்ல, குளூட்டாதயோன் டிரான்ஸ்ஃபரேஸ்) ஜோடியாகச் சேர்ந்து பெரிதாகி முன்னாலேயே வெளியேறிவிடும்.

இறுதி மகசூல் 200 மி.லி.யிலிருந்து 3.4 மி.கி. இந்த அமைப்பில் டிரிப்டோஃபான் மூன்று (ஒன்று அவி வாலில்), டைரோசின் இரண்டு, டைசல்ஃபைடு ஒன்று. கெழு 19,605, எடையும் 19 கிலோடால்டனுக்கு அருகில். ஆகவே இந்த முறை 1 மி.கி.க்கு ஏறத்தாழ 1 என்பது உண்மையாகவே பொருந்துகிறது.

20 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, மைனஸ் 80-இல் வைத்தோம். சிங்கப்பூர் ஈரக்காற்றில் வெளியே எடுத்த நொடியே புட்டி மேல் பனி பூத்து, சீட்டு உரிந்து வந்துவிடும். ஆகவே உறைய வைப்பதற்கு முன்பே குளிர்தாங்கும் சீட்டை ஒட்டி, மூடியிலும் எண் எழுதிவிட வேண்டும்.

அளவீடு

ஸ்ட்ரெப்டாவிடின் சென்சார் பையைக் குளிரிலிருந்து எடுத்ததும் கிழிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும் வரை அரை மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். இல்லையென்றால் முனையில் நீர்த்திவலை படிந்து, அடிக்கோடு நிலைக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். பஃபர்: பிபிஎஸ், 0.02 சதவீதம் ட்வீன்-20, 0.1 சதவீதம் பிஎஸ்ஏ. சென்சாரைப் பத்து நிமிடம் நனைத்து, பிடி-1-ஐ மி.லி.க்கு 2 மைக்ரோகிராமில் 0.6 நானோமீட்டர் வரை மட்டும் ஏற்றினோம். அதற்கு மேல் நெருக்கினால் எதிர்ப்பொருளின் இரண்டு கையும் பக்கத்துப் பக்கத்துப் பிடி-1-ஐப் பற்றிக்கொண்டு விடவே விடாது. பலம் இல்லாததெல்லாம் பலமாகத் தெரியும். உண்மையான பிணைப்பு வேகம் வேண்டுமென்றால் ஒரே கையுள்ள ஃபேப் துண்டையோ, எதிர்ப்பொருளைச் சென்சாரில் வைத்த தலைகீழ் அமைப்பையோ பயன்படுத்த வேண்டும். முன்னைய ஈ.கோலிப் புரதத்துக்குச் செய்தது அதுதான்.

25–167 புரதத்தில் பெம்ப்ரோலிஸுமாபும் ஏறியது, நிவோலுமாபும் ஏறியது. 33–167 புரதத்தில் பெம்ப்ரோலிஸுமாப் ஏறியது. நிவோலுமாப் கிட்டத்தட்டத் தரையிலேயே கிடந்தது. அதே செல், அதே சர்க்கரை, அதே வால். எட்டு அமினோ அமிலம் மட்டுமே குறைவு.

இந்தப் புரதத்தை உயிருள்ள டி செல் மேல் போடப்போகிறவர்கள் எண்டோடாக்சினை (பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் நச்சு) மறக்கக் கூடாது. ஈ.கோலித் தொகுப்பில் எத்தனை கழுவினாலும் கொஞ்சம் இருக்கும். அந்தக் கொஞ்சமே நோயெதிர்ப்புச் செல்லைக் கிளப்பிவிட்டு விடையைக் கெடுக்கும். நாங்கள் சோதித்தது மரபணு மறுசேர்க்கை முறையில் தயாரித்த ஃபேக்டர் சி (எண்டோடாக்சினைக் கண்டுகொள்ளும் புரதம்) கொண்டு. 1990களில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ போவ் இருவரும் இங்குள்ள சதுப்புநிலக் குதிரைலாட நண்டின் மரபணுவிலிருந்து உருவாக்கியது அது. நண்டின் இரத்தத்தை எடுக்காமலே சோதனை முடிகிறது. கிராஞ்சிச் சேற்றில் ஊரும் உயிரினம் ஒன்றிலிருந்து வந்த கருவியை அதே ஊரில் பயன்படுத்துவது மனத்துக்கு நிறைவான விஷயம். ஹெக் தொகுப்பு சுத்தமாக வந்தது, ஈ.கோலித் தொகுப்பைச் செல் வேலைக்கு எடுக்கவே இல்லை.

செலவும், அடுத்த முறைக்கான மாற்றமும்

25–167 தொகுப்புக்கு ஏட்டில் உள்ள கணக்கு: மரபணுவும் வெக்டாரில் கோப்பதும் 190 வெள்ளி, பிளாஸ்மிட் பெருக்கிச் சுத்திகரிக்க 45, ஊடகம் 50, பிஇஐ 5, எக்ஸெல் குழல் 90, பிர்ஏ 250. ஆக 630 வெள்ளிக்கு 3.4 மி.கி. சென்சார், பொருண்மை நிறமாலை, கருவி நேரம் இதில் இல்லை. ஒரு 25 மைக்ரோகிராம் புட்டியின் விலைதான் இது. ஈ.கோலி வழியில் பொருள் செலவு இதில் பாதிகூட இல்லை. ஆனால் ஒரு தொகுப்புக்குப் பத்து நாள் கைவேலை.

மாற்ற வேண்டியவை. பிர்ஏவைத் தனியாக வாங்காமல், அதன் பிளாஸ்மிடை டிரான்ஸ்ஃபெக்‌ஷனிலேயே பத்தில் ஒரு பங்காகக் கலந்து, ஊடகத்தில் பயோட்டின் சேர்த்துச் செல்லையே ஒட்டச் சொல்லலாம். 250 வெள்ளியும் ஒரு நாளும் மிச்சம். நொதியைப் பிரிக்கும் தலைவலியும் குறையும். அப்படிச் செய்தால் மிஞ்சிய பயோட்டினை நீக்க ஊடகத்தை முதலிலேயே பஃபர் மாற்ற வேண்டும். 93-ஆம் சிஸ்டீனை ஹெக் அமைப்பில் அப்படியே விட்டிருந்தோம். டிடிடி இல்லாத ஜெல்லில் ஜோடி சேர்ந்த மங்கலான பட்டை ஒன்று தெரிகிறது. அடுத்த பிளாஸ்மிடில் அதைச் செரினாக்குகிறோம்.

ஈ.கோலியையும் கைவிடவில்லை. நிவோலுமாபுக்குச் சர்க்கரை தேவையில்லை, வளையம்தான் தேவை. ஆகவே 25 முதல் 150 வரை, 93 செரினாக, புதிய பிளாஸ்மிட் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரே ஒரு உறுத்தல்: தொடக்க மெத்தியோனினுக்கு அடுத்தது லியூசின் என்பதால், பாக்டீரியா அந்த மெத்தியோனினை வெட்டாது, வளையத்தின் நுனியில் ஒன்று கூடுதலாகத் தொங்கும். அது நிவோலுமாபைத் தடுக்குமா என்று ஒரு லிட்டர் மடிப்பு வைத்த பிறகு தெரிந்துகொள்ளப் போவதில்லை. 50 மி.லி. பஃபரில் 2.5 மி.கி. மட்டும் சொட்டவிட்டு, செறிவாக்கி, முதல் நாளே நிவோலுமாப் சென்சாரில் போட்டுப் பார்க்கிறோம். கோடு ஏறினால்தான் 84 கிராம் ஆர்ஜினினை நிறுத்துப் போடுவோம்.